நோரீன் சொன்ன "யா, நா"

நோரீன் ட்ராஸ்குக்கு அறுபத்தெட்டு வயது. மெல்போர்னின் மேற்குக் கோடியில், சரக்கு ரயில் பாதையை ஒட்டிய தெருவில் மகன் லாய்டோடு இருந்தாள். லாய்டுக்கு முப்பத்து நாலு. ஆறடி உயரம், வாயில் ஒரு சொல் கிடையாது. தினமும் காலையில் தெருமுனைக் குட்டிப் பூங்காவின் மர ஊஞ்சலில் இரண்டு மணி நேரம் ஆடுவான். ஆடினால் அன்றைக்கு வீடு வீடாக இருக்கும். மழை பிடித்துக்கொண்டு ஆடாமல் போனால், சுவரில் தலையை முட்டிக்கொள்வான். பிடிக்கப் போனால் அவளுக்கும் அடி விழும். "பராமரிப்பு விடுதியில விட்டுடுங்க" என்று டாக்டர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊஞ்சலை நம்பித்தான் அவள் மாட்டேன் என்று சொல்லி வந்தாள்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பழைய தொழிற்சாலை நிலத்தில், பெரிய பூங்கா போட நகரமன்றம் ஆசைப்பட்டது. நல்ல ஆசைதான், யார் குறை சொன்னார்கள்? கையில் காசில்லை. இந்தத் தெருமுனைப் பூங்காவையும் சேர்த்து ஆறு குட்டிப் பூங்காக்களை அடுக்குமாடிக்காரர்களுக்கு விற்றுப் பாதிப் பணம் திரட்டினால், மீதியை அரசாங்கம் போடும் என்றார்கள். பூங்காவை விற்றுப் பூங்கா வாங்கும் இந்த யோசனை எந்த மகாராசன் மண்டையில் உதித்ததோ தெரியாது.

தெருக்காரர்களிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டார்கள். நோரீனுக்கு அழைப்பு வந்தபோது லாய்டு குளித்துவிட்டுத் துண்டோடு நின்றான். வேறேதோ ஊரில் உட்கார்ந்திருந்த ஒருவன், விற்கச் சம்மதமா என்று கேட்டான்.

"யா, நா, கண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இந்த ஊர்க்காரர்கள் யாரையும் வெடுக்கென்று மறுக்க மாட்டார்கள். "யா" என்பது, நீ கேட்டது காதில் விழுந்தது என்கிற மரியாதை. பின்னால் வரும் "நா"தான் பதில். அதாவது, முடியாது. கேட்டவனுக்கு அது தெரியவில்லை. முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டு சம்மதம் என்று குறித்துவிட்டான். ஏழு வீட்டில் நாலு சம்மதம், மூன்று மறுப்பு என்று அறிக்கை வந்தது. அந்த நாலில் ஒன்று நோரீனுடையது.

வாக்கெடுப்பு நாளன்று லாய்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மன்றத்துக்கு ஓடினாள். உறுப்பினர் ஒன்பது பேர். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். நடுவில் இருந்த கெய்த் மல்லெட், தெரு எப்படியோ தன் ஓட்டும் அப்படியே என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்.

"நான் வேணாம்னுதாங்க சொன்னேன். பதிவு பண்ணியிருப்பீங்கல்ல, போட்டுக் காட்டுங்க" என்றாள் நோரீன்.

போட்டார்கள். "யா, நா, கண்ணு." கூடம் குலுங்கச் சிரித்தது. மேயரம்மாவும் சிரித்தார். மல்லெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது, பிழைத்தோம் என்றே நினைத்தாள்.

"ஆனா கணக்கெடுப்பு முடிஞ்சுபோச்சும்மா. திருத்தணும்னா மறுபடி எடுக்கணும். அரசாங்கப் பணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார் அதிகாரி.

"அப்ப வேற வழியில பணம் கண்டுபிடிங்க! எல்லார் வீட்டு வரியிலயும் கொஞ்சம் ஏத்துங்க, நானும் கட்டறேன். மாடிமேல மாடி கட்டி விக்கிறானே, அவன்கிட்ட கேளுங்க. ஊருக்கே பார்க்குன்னா ஊரே குடுக்கணும். என் பையன் ஒருத்தனா குடுக்கணும்?"

"வரியை ஏத்தினா அடுத்த தேர்தல்ல நாங்கல்லாம் வீட்டுக்குப் போகணும், நோரீன்" என்றார் மேயர்.

"போங்களேன். உங்களுக்குப் போறதுக்கு வீடு இருக்குல்ல!"

யாரும் சிரிக்கவில்லை. மல்லெட் அவளைப் பார்த்தார். "நீ சொன்னது எனக்குப் புரியாம இல்ல, நோரீன். ஆனா காகிதத்துல சம்மதம்னு இருக்கு" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். அந்தக் கை அழுகிப் போகட்டும் என்று அங்கேயே சபித்தாள். அதனால் எதுவும் ஆகிவிடவில்லை.

இரண்டு வாரத்தில் கம்பி வேலி போட்டு ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். லாய்டு முதல் நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றான். மறுநாள் நெற்றியைச் சுவரில் கிழித்துக்கொண்டான். நாலாம் நாள் அவன் தள்ளியதில் நோரீனின் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்தவள், வெகுநேரம் அழுதுவிட்டு, டாக்டர் கொடுத்திருந்த விடுதி எண்ணை இடது கையால் அழுத்தினாள்.

விடுதிப் பெண் அன்பாகத்தான் பேசினாள். ஓர் அறை காலியாக இருப்பதாகவும், திங்கட்கிழமையே கூட்டி வரலாம் என்றும் சொன்னாள்.

"அங்க ஊஞ்சல் இருக்காம்மா?"

"ஊஞ்சல் இல்லைங்களே" என்றாள் அந்தப் பெண். "ஆனா கவலைப்படாதீங்க. எங்க எதிர்லயே பெரிய பார்க் ஒண்ணு வரப்போகுது."