செல்வி என்று ஒரு பெண் இல்லை

மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தவை — வரிசையாக:

1. மதகடிப்பட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்கு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை வேலைக்குச் சேர்க்க அழைத்துப் போனேன்.

2. கடைக்காரர் என்னென்ன கேட்பார் என்று யோசித்து, பன்னிரண்டு கேள்விகளும் அவற்றுக்குப் பதில்களும் எழுதி, முதல் நாளே அவளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன்.

3. பதில்களில் பாதி பொய்.

4. அவர் முதல் கேள்வியைக் கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள்.

மாட்டிக்கொண்டது நான்.

வில்லியனூர் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இல்லம் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் வளர்ந்த பிள்ளைகள்தான் அதிகம். இப்போது இலங்கையிலிருந்து வந்தவர்களும் மூன்று பேர். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் துப்பாக்கி தூக்கியவர்கள். பாலிடெக்னிக்கில் நான் படித்த எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு உபயோகம் உண்டு — ரேடியோ ரிப்பேர் வகுப்பு.

அந்த மூவரில் ஒருத்தி யோகேஸ்வரி. பதின்மூன்று வயதில் இயக்கத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே வயர்லெஸ் செட் ரிப்பேர் செய்திருக்கிறாள். என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அவள் கை அந்த இடத்துக்குப் போய்விடும்.

பிரச்சினை என்னவென்றால், இல்லத்தில் பதினெட்டு வயது வரைதான் இருக்கலாம். அவளுக்கு மிச்சம் இருப்பது நான்கு மாதம். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அகதி முகாம்தான். முகாமுக்குப் பழைய ஆட்கள் வருவார்கள். மறுபடி வா என்று கூப்பிடுவார்கள். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாதவர்கள் போய்விடுகிறார்கள். எங்களிடமிருந்து ஒரு பையன் அப்படித்தான் போனான்.

ஏற்கெனவே இரண்டு கடைகளில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. “இன்னைக்கு இந்தப் பொண்ண இட்டாந்தீங்க, நாளைக்கு போலீஸ இட்டாருவீங்க. வாணாம்மா” என்றார் ஒருவர். இன்னொருவர் அதைக்கூடச் சொல்லவில்லை. கடையைப் பாதி சாத்தினார்.

அதனால்தான் மூன்றாவது கடைக்கு என் திட்டம். பெயர்: செல்வி. ஊர்: காரைக்கால். அப்பா: துபாயில்.

பெயர் மாற்றுவது அப்படி ஒன்றும் பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் இல்லத்தில் அது தினசரி நடப்பு. ரயிலடியிலிருந்து வந்த ஒன்பது வயதுக்காரி ஒருத்தி, போலீஸ்காரரிடம் ஒரு பெயர், டீக்கடையில் ஒரு பெயர், எங்களிடம் ஒரு பெயர் சொல்லியிருந்தாள்.

“உன் நெஜப் பேர் இன்னாடி?” என்று சமையல்கார அக்கா கேட்டார்.

“உனுக்கு எது புடிக்குதோ அத வெச்சிக்க.”

இப்படிப்பட்டவர்கள் நடுவில் ஒரு ‘செல்வி’ அதிகமா என்ன?

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டில் சந்தை. மாடுகளுக்கு நடுவில் வழி கண்டுபிடித்துக் கடைக்குள் நுழைந்தோம். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.

“வாங்க டீச்சர். காரைக்கால் பொண்ணுன்னு சொன்னீங்களே, இதானா? பேர் இன்னாம்மா?”

“யோகேஸ்வரி.”

நான் இருமினேன். பயன் இல்லை.

“ஊரு?”

“யாழ்ப்பாணம். இயக்கத்தில இருந்தனான். வயர்லெஸ் செட் திருத்தினனான். துவக்கும் வைச்சிருந்தனான்.”

துவக்கு என்றால் துப்பாக்கி என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“போலீஸ்ல பேர் குடுத்து பதிஞ்சிருக்கியா?”

“ஓம். இந்தப் பேரிலதான்.” பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பேப்பர்ல ஒரு பேரு, என் கடையில ஒரு பேருன்னா, நாளைக்கு விசாரிக்க வர்றவன்கிட்ட நான் இல்ல மாட்டிகினு முழிப்பேன்? துப்பாக்கி புடிச்ச புள்ளைய வெச்சிக்கலாமா வாணாமான்னு அப்புறம் யோசிக்கிறேன். என் கடைக்கே வந்து பொய் சொன்ன டிப்ளமாவ இன்னா பண்றது, அத மொதல்ல சொல்லுங்க.”

பன்னிரண்டு கேள்விகள் யோசித்த எனக்கு இந்தப் பதிமூன்றாவது தோன்றவே இல்லை. அவளுடைய காகிதம் எல்லாம் அவள் பெயரில் இருக்கிறது — இது கூடவா தெரியாது? தெரியும். யோசிக்கவில்லை.

“தப்புதான்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் ஓரத்தில் தூசு படிந்து கிடந்த ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து அவள் முன் வைத்தார். அவள் பின்மூடியைக் கழற்றினாள். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, தொடுவதற்கு முன் ஈரத் துணியில் முனையைத் துடைத்தாள். இரண்டு இடத்தில் மாற்றிப் பார்த்தாள். கால் மணி நேரம். பிறகு அயர்னைக் கீழே வைத்துவிட்டாள்.

“இண்டைக்கு ஏலாது ஐயா. கம்பி சுத்தின காயில் எரிஞ்சு போச்சு. புதுசு போட வேணும்.”

போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“நானும் மூணு மாசமா அததான் சொல்றேன், இத குடுத்த ஆளு நம்பல” என்றார் முதலாளி. “வர்ற பசங்க எல்லாம் ‘தோ ஆச்சு’ன்னு ஒண்ணுகெடக்க ஒண்ணு பண்ணி வெக்கிறானுங்க. நீ நாளைக்கு வா. ஒரு மாசம் பாக்குறேன். டீச்சர், நீங்க வரவாணாம்.”

திரும்பும் பஸ்ஸில் அவளைக் கேட்டேன். கோபத்தோடு அல்ல — கொஞ்சம் கோபத்தோடுதான்.

“அவ்வளவு சொல்லிக்கொடுத்தேனே, ஏன் அப்படிப் பண்ணினாய்?”

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இயக்கத்தில ஒரு பேர் தந்தவை. படகுக்காரன் ஒரு பேர் தந்தவன். நீங்களும் ஒண்டு தாறியள். அம்மா வைச்ச பேரை நான் எப்ப அக்கா பாவிக்கிறது?”

பிறகு, “இயக்கத்தில அவையும் இப்பிடித்தான், ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எழுதித் தருவினம்” என்றாள்.

உதவி செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவருக்கு எது நல்லது என்று நாமே முடிவு செய்து, அழகாகப் பட்டியல் போட்டுவிடுவோம். அவரிடம் கேட்பது மட்டும் பட்டியலில் இருக்காது. எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுகிறவள் நான். இப்போது முதலில் கேட்கிறேன். பட்டியல் போடுவதை நிறுத்தவில்லை. அது என்னால் முடியாது.

இந்தப் பத்தியையும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரை மாற்றிப் போடட்டுமா?” என்றேன். தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

“பழைய ஆட்கள் யாராவது படித்துவிட்டுத் தேடி வந்தால்?”

“வேலைக்குப் போயிட்டாள் எண்டு சொல்லுங்கோ.”

நிலவரம் இதுதான். முதலாளி சொன்ன ஒரு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஒருவர் அவளைப் பார்த்ததும் தன் ரேடியோவைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார், மற்றவர்கள் கொடுக்கிறார்கள். முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை. யோகேஸ்வரி இன்று காலையும் எட்டரை பஸ்ஸில் வேலைக்குப் போயிருக்கிறாள்.