வெள்ளிக்கிழமை எண்ணெய்

எங்கள் ஊர்க் காளியம்மனை நம்புகிறவள் நான். போன வருஷம் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில், சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் மில் எங்களுடையது. சிறு தொழில்களுக்கென்றே நாடு முழுக்கக் கடன் கொடுக்கும் அரசு வங்கி ஒன்று, கட்டடத்துக்கும் மிஷினுக்கும் பணம் கொடுத்தது. ஏழு வருஷத்தில் கட்டி முடிக்க வேண்டும். மில் காலூன்றட்டும் என்று முதல் வருஷம் அசலைக் கேட்க மாட்டார்கள். ஒடுகத்தூரில் இருக்கும் எங்கள் வீடுதான் ஈடு.

அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. சாமை முளைத்த இடத்திலேயே கருகியது. ஒரு மூட்டைகூட மில்லுக்கு வரவில்லை. அவகாசம் முடிந்து தவணை தொடங்கியது. என் காதுத் தோட்டை விற்று ஒரு தவணை கட்டினோம். அப்புறம் முடியவில்லை. என் கணவர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார்.

"வூட்டை அவங்களே எடுத்துக்கட்டும். எங்கனா போய்ட்லாம் வா" என்றார் ஒருநாள்.

எங்கே போவது? மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மில்லில் இருக்கும் அம்மன் படத்துக்கு விளக்கேற்றுவேன். உனக்குக் கண்ணில்லையா என்று கேட்பேன். பிறகு மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டுவேன். சாமை இல்லாமல் வெறும் சத்தம்தான் வரும். பைத்தியமா உனக்கு என்பார் கணவர்.

தை மாதம் வங்கி அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சீல் வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மிஷினைத் தொட்டுப் பார்த்தார். ஓட்டச் சொன்னார். ஓடியது.

"ஒரு வருஷமா சும்மா கெடக்குற மிஷினு. துருவே இல்லியேம்மா, எப்படி?"

வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஃபைலைத் திறந்தார்.

"இது மூடிப்போன மில்லுன்னு நான் எழுத மாட்டேன். மில்லு ஓடுது, சாமைதான் வரலை" என்றார்.

அடுத்த மாதமே வங்கி இன்னொரு வருஷம் அவகாசம் கொடுத்தது. தவணையையும் அறுவடைக்கு அறுவடை கட்டினால் போதும் என்று மாற்றியது. வீடு தப்பியது.

கடன் இன்னும் இருக்கிறது. வானம் வெளுத்தால் இப்போதும் பயம்தான். ஆனால் இந்தக் கார்த்திகையில் சாமை வந்தது. முதல் மூட்டையை என் கணவரே தோளில் தூக்கி வந்தார். அதில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். அவரும் ஒரு வாய் சாப்பிட்டார்.

நம்பிக்கை விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறவர்களே, அவளைத் திட்டுங்கள், அழுங்கள். விளக்கை மட்டும் ஏற்றிவிடுங்கள். மிச்ச எண்ணெயை மிஷினுக்கு விடுங்கள்.