இடப்பக்கத்து வெள்ளை

அந்த ஆறு வாரமும் ஒரு மனுஷருடைய தலைக்குள் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. நான் அவர் பக்கத்தில் நின்று "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை.

பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைவதும், விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் என் பிழைப்பு. வயதானவர்களுக்குக் கலை சொல்லிக்கொடுக்க ஓவியர்களைத் தயார் செய்யும் பயிற்சி ஒன்று சிங்காநல்லூரில் நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். திங்கட்கிழமை எங்களுக்கு வகுப்பு. வியாழக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பில் நாங்கள் ஆளுக்கொருவருக்கு வகுப்பெடுக்க வேண்டும். அங்கே வரைந்த படங்களைக் கொண்டுவந்து அடுத்த திங்களன்று மேஜையில் பரப்பி, எல்லோரும் கூடிப் பேசுவோம்.

விதிகள் கறாரானவை. தப்பு என்ற சொல் வாயில் வரவே கூடாது. அவர்கள் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கக் கூடாது. இது என்ன, இது ஏன் என்று கேட்கக் கூடாது. மேஜை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், காது மிஷின் வைத்தவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம்கூட உண்டு. பயிற்சி கொடுத்த அம்மா சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "இந்த ஊர்ல பாதிப் பேரு பட்டறையில இருந்தவங்க. ஸ்கேல் இல்லாம கோடு போட மாட்டாங்க. அந்த ஸ்கேலைக் கீழ வெக்க வெச்சுட்டீங்கன்னா உங்க வேலை பாதி முடிஞ்சுதுங்க."

எனக்கு வாய்த்தவர் அச்சு அசல் அப்படியே. பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு அங்கே குடியிருந்தார். முதல் வியாழன் ஒரு பம்ப் வரைந்தார், மில்லிமீட்டர் கணக்கு உட்பட. நான் ஸ்கேலைக் கேட்டு வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "ஏனுங்க அம்மணி, என்ற கையையே ஒடிச்சுப்போட்டீங்களே" என்று சிரித்தார்.

மூன்றாவது வாரம் தென்னந்தோப்பு. தாளின் வலப்பக்கம் மரத்தோடு மரம் நெருக்கியடித்து நின்றது. இடப்பக்கம் ஒரு கோடு இல்லை. மனுஷருக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நானல்லவா விடுவித்தேன்!

அடுத்த வாரம் வாழைத்தோட்டம் வரைந்தார். வெள்ளை இன்னும் உள்ளே ஏறி வந்து பாதித் தாளைப் பிடித்திருந்தது. எதிரே கிண்ணங்களில் வண்ணங்களை வரிசையாக வைத்திருந்தேன். வலது ஓரத்தில் இருந்த சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் தொட்டார். வாழை இலை சிவப்பாக எழுந்தது. பச்சை இடக் கோடியில் திறந்தபடியே காய்ந்துபோனது. 'தனக்கான நிறங்களைத் தேர்ந்துகொண்டுவிட்டார்' என்று என் நோட்டில் எழுதினேன். அந்த வரி இன்னும் என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை அந்தப் படத்தைச் சுற்றி நின்று எல்லோரும் வியந்தார்கள். பல்லடத்திலிருந்து வரும் மண்சிற்பக்காரப் பெண் ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏனுங்கக்கா, எப்பப் பாத்தாலும் எடது பக்கமே காலியா இருக்குதுங்களே, ஏன்னு அவருகிட்டயே கேட்டா என்னங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெள்ளையும் ஒரு நெறந்தான் கண்ணு. மண்ணு பெசையறவங்களுக்கு அது புரியாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்கொழுப்பு எனக்கு எப்போதுமே உண்டு. அதற்கப்புறம் யாருடைய படத்தைப் பற்றியும் அவள் வாயே திறக்கவில்லை.

ஐந்தாவது வியாழன் அவருடைய வலது கன்னம் வழவழவென்று சவரம் செய்திருந்தது. இடது கன்னத்தில் மூன்று நாள் முள். ஓவியக்காரி நான், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். அவசரத்தில் விட்டிருப்பார் என்று நினைத்தேன். இடப்பக்கமாக நின்று வணக்கம் சொன்னேன், திரும்பவே இல்லை. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்ததும், "அடடா, எப்ப வந்தீங்க அம்மணி?" என்றார்.

உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கக் கூடாது என்ற விதி முன்னால் வந்து நின்றது. அது படத்துக்கான விதி, ஆளுக்கானது அல்ல. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டு, அவர் ஏதாவது சொல்லிவிட்டால், என் படம் என்ன ஆகும்? ஆமாம், என் படம் என்றுதான் அதற்குள் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஆறாவது வியாழன், கடைசி வகுப்பன்று, குடியிருப்பிலேயே படங்களின் கண்காட்சி. வாழைத்தோட்டத்தை நட்டநடுவில் மாட்டினேன். அவர் வரவில்லை. காலையில் எழுப்ப எழுப்ப எழுந்திருக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாலாம் நாள் போய்விட்டார்.

டாக்டர் சொன்னதை அவருடைய மகன் சொல்லக் கேட்டேன். இரண்டு மாதம் முன்னால் தலை அடிபட எங்கேயோ வழுக்கி விழுந்திருக்க வேண்டும், யாரிடமும் மூச்சு விடவில்லை. மண்டைக்குள் வலப்பக்கம் ரத்தம் சேர்ந்துகொண்டே வந்து மூளையை அழுத்தியிருக்கிறது. கண்ணில் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ரத்தத்தை எடுத்துக் காப்பாற்றியிருக்கலாமாம்.

மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்துகொண்டுதான் துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தட்டுல எடது பக்கத்துச் சோறு அப்படியே கெடக்கும் அம்மணி. தட்டைத் திருப்பி வெச்சா அதையும் சாப்புடுவாரு. எனக்கு ஒரே பயம். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னு கூப்பிட்டேன். 'டீச்சரே என்ற படத்தைப் பாத்துப்போட்டு பிரமாதம்னு சொல்லிப்போட்டாங்க, எனக்கென்ன கொறச்சல்'னாரு. வெவரம் தெரிஞ்சவிங்க நீங்க, பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான சொல்லியிருப்பீங்க? அதனால நானும் உட்டுப்போட்டேனுங்க."

அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.