குழி தோண்டாமல் போட்ட கோடு

போனை வைத்ததும் மண்ணம்மா, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினாள். பிறகு மடித்து வைத்த பேரனின் துணிகளை உதறி மறுபடி மடித்தாள். பிறகு வாசல் கதவு வரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள்.

கூடத்தில் மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா, அதாவது மருமகளின் அம்மா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சம்பந்தி, உங்களைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது. ஒண்ணு உட்காருங்க, இல்ல என்னன்னு சொல்லுங்க."

மண்ணம்மா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். இருபத்தொன்பது வருடம் மண் ஆய்வுத் துறையில் இருந்தவள். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் இறங்கி நின்று, எந்த ஆழத்தில் என்ன மண் என்று பார்த்து வரைபடம் போடுவதுதான் வேலை. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. பால்காரர் முதல் மருமகள் வரை எல்லோருக்கும் அவள் மண்ணம்மாதான்.

போன் செய்தவன் பாசனத் துறையின் இளம் பொறியாளன். மலையடிவார மேய்ச்சல் நிலத்தில் ஆடு மாடுகளுக்காகக் குளம் வெட்டப் போகிறார்களாம். வியாழக்கிழமை இயந்திரம் இறங்குகிறது. "உங்க வரைபடத்துல ஏழாம் வகை மண்ணுன்னு அவ்வளவு தெளிவா இருக்கு மேடம். தனியா சோதனையே தேவைப்படல. நன்றி சொல்லணும்னு தோணுச்சு," என்றான். நல்லதுப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"நல்ல விஷயம்தானே?" என்றாள் சம்பந்தியம்மா.

"அந்த இடத்துல நான் குழியே தோண்டல."

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை அது. ஏழாம் வகை என்பது களிமண், தண்ணீர் தேங்கும். நாலாம் வகை வண்டல், தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டின் கடைசித் துண்டுக்கு இன்னும் இரண்டு குழிகள் பாக்கி இருந்தபோது வீட்டிலிருந்து தகவல் வந்தது: குழந்தைக்குக் கடும் காய்ச்சல், உடனே கிளம்பு. ஜீப்பில் உட்கார்ந்தபடியே, விமானத்திலிருந்து எடுத்த படத்தை மடியில் விரித்து, கோட்டை நீட்டி முடித்துவிட்டு ஓடி வந்தாள்.

"யாருக்குக் காய்ச்சல்? என் மாப்பிள்ளைக்கா?"

"அவனேதான்."

"அப்பவே தொல்லை கொடுக்க ஆரம்பிச்சுட்டாரா மனுஷன்!" என்று சம்பந்தியம்மா சிரித்தாள். மண்ணம்மா சிரிக்கவில்லை என்றதும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சரி, எவ்வளவு தூரம்?"

"நாலு மணி நேரம்."

"என் வண்டி சும்மாதான் நிக்குது. குழந்தையை அவங்க அம்மாவும் அப்பாவும் ஒரு நாள் பார்த்துக்கட்டும், உலகம் ஒண்ணும் கவிழ்ந்துடாது."

சம்பந்தியம்மா சலவைக்கடை நடத்தியவள். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி மூட்டைகளைத் தானே வேன் ஓட்டிப் போய்க் கொடுத்தவள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சோப்பு வாசனை போகாத அந்த வேனில் இருவரும் கிளம்பினார்கள். பின்னால் கடப்பாரை, தண்ணீர்க் குடங்கள், ஒரு பாட்டில் வினிகர், பரணிலிருந்து இறக்கிய ஆகர். தரையில் திருகித் திருகி மண்ணை வெளியே எடுக்கும் நீளமான இரும்புக் கம்பி அது. வழியெல்லாம் மண்ணம்மா சீட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். "பின்னாடி சாய்ஞ்சாலும் வண்டி அதே வேகத்துலதான் போகும்," என்று சொல்லியும் சாயவில்லை.

மலையிலிருந்து இறங்கும் ஓடை அடிவாரத்தில் வேகம் குறைந்து, சுமந்து வந்ததையெல்லாம் விசிறி போலப் பரப்பிவிட்ட சரிவு. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் மழை பெய்தால் அதிகம். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். குளத்துக்கான நான்கு மூலைகளிலும் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள்.

நடுவில் ஆகரை இறக்கினாள். ஒரு அடி: பழுப்பு. இரண்டு அடி: அதே பழுப்பு. கொஞ்சம் ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாக இழுத்துப் பார்த்தாள். அரை விரல் நீளத்திலேயே அறுந்தது; களி என்றால் நீண்டு வரும். மூன்று அடியிலும் புல்லின் வேர் வந்தது. ஒவ்வொரு முறை திருகும்போதும், களி தட்டிவிடாதா என்று கம்பியின் நுனியையே பார்த்தாள். நாலரை அடியில் வெள்ளை நூல் போலச் சுண்ணாம்பு தெரிந்தது. வினிகர் விட்டதும் நுரைத்தது; மழைத்தண்ணீர் அந்த ஆழம் வரை தடையில்லாமல் இறங்குகிறது என்று அர்த்தம். கல் இல்லை, களி இல்லை, நீர் தேங்கியதற்கான சாம்பல் நிறம் எங்கேயும் இல்லை.

"மண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சம்பந்தியம்மா.

"ரொம்ப நல்ல மண்ணு. பெய்யுற மழையையெல்லாம் உள்ள வாங்கி வேருக்குக் கொடுக்கும். அதனாலதான் இவ்வளவு புல்லு. குளத்துக்கு மட்டும் ஆகாது."

குழிக்குள் தண்ணீர் ஊற்றினார்கள். சம்பந்தியம்மா குடத்தைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் தண்ணீரைக் காணோம்.

"யாரும்மா நீங்க? எங்க குளத்துல என்ன தோண்டுறீங்க?"

மேய்ப்பர் சங்கத் தலைவர். ஐம்பது வயது இருக்கும், கையில் கோல், பின்னால் நூறு ஆடுகள். மண்ணம்மா மறைக்காமல் சொன்னாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியாதா? மழை பெஞ்ச மறுநாளே இங்க செருப்புல மண்ணு ஒட்டாது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"ஒன்பது வருஷம் மனு கொடுத்திருக்கோம். வரைபடத்துல பொருத்தமான இடம்னு இது ஒண்ணுதான் வந்துச்சு. வேணாம்னா வேற இடமா கொடுப்பாங்க? ஃபைலைக் கட்டி மேல போட்டுடுவாங்க. தோண்டட்டும். ரெண்டு வாரம் நின்னாலும் லாபம்."

"ரெண்டு நாள்கூட நிக்காது."

"அதை நீங்க முப்பது வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

மண்ணம்மாவுக்குக் காது சுட்டது. ஆகரைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். நூறு நூறு அடிகளாக எண்ணி நடந்து, திருகி, பார்த்து, உதறி, மறுபடி நடந்தாள். பழுப்பு. பழுப்பு. மறுபடியும் பழுப்பு. சம்பந்தியம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினெட்டாவது துளையில் மணிக்கட்டு பிசகிக்கொண்டது. இத்தனை நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்த தலைவர், "விடுங்க," என்று கம்பியை வாங்கித் திருகினார்.

சரிவு சமதளமாகும் இடத்தில், இருபத்தாறாவது துளையில், முழங்கால் ஆழத்திலேயே கம்பி இறங்க மறுத்தது. வெளியே வந்த மண் சாம்பல் நிறம், அதில் துருப்பிடித்தது போலப் புள்ளிகள். நாடா விரல் நீளத்தையும் தாண்டி அறுபடாமல் வந்தது. கோடு இங்கே இருந்திருக்க வேண்டும். முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

"இங்கேயா?" தலைவர் பட்டியிருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "குட்டி போட்ட ஆடு இவ்வளவு தூரம் நடக்குமாம்மா?"

அவள் பழுப்பு மண்ணில் ஒரு கட்டியும் சாம்பல் மண்ணில் ஒரு கட்டியும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை பாசனத் துறை அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் நின்றாள். பொறியாளன் மேஜைமேல் இரண்டு மண்கட்டிகளை வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"மேடம், நாளைக்கு மிஷின் வருது. இப்ப இடத்தை மாத்தணும்னா வரைபடம் தப்புன்னு யாராவது எழுத்துல கொடுக்கணும்."

"பேப்பர் கொடுப்பா."

எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் தயங்கினான். "'குழி தோண்டாமல் கோடு போட்டேன்'னே எழுதியிருக்கீங்களே. 'அளவைப் பிழை'ன்னு போட்டுக்கலாமே?"

"அளவு எடுத்திருந்தாதானே தம்பி அளவுல பிழை வரும்?"

வியாழக்கிழமை அவனே நேரில் வந்து, இரண்டு இடத்திலும் குழி வெட்டிப் பார்த்துவிட்டு, கொடிகளைப் பிடுங்கிக் கீழே நட்டான். அங்கேயும் ஒரு மூலையில் சரளை தட்டியதால் போட்ட திட்டத்தில் பாதிதான் வெட்ட முடிந்தது. தலைவர் மண்ணம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

மழை வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை மண்ணம்மா காலையில் எழுந்ததும் மலை இருக்கும் திசையைப் பார்த்தே பல் தேய்த்தாள். முதல் மழைக்கு நாலு நாள் கழித்து ஒரு போன். "நிக்குது," என்றது தலைவரின் குரல். அவள் வாய் திறப்பதற்குள் துண்டித்துவிட்டார். அந்தத் தண்ணீர் ஐந்து மாதம் கிடந்தது. தூரம் அதிகம் என்ற புகார் மட்டும் கடைசிவரை ஓயவில்லை என்று பொறியாளன் சொன்னான்.

இனியாவது மனுஷி நிம்மதியாக உட்காருவாள் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவளோ பழைய வரைபட நகல்களைக் கட்டில்மேல் பரப்பி, பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டிருந்தாள். மூன்று இடத்தில் வட்டம் போட்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை வண்டி காலியா, சம்பந்தி?"

சம்பந்தியம்மா குனிந்து பார்த்தாள். "இங்க யாராவது குளம் வெட்டுறாங்களா?"

"இல்ல."

"வீடு, ரோடு, ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. வெறும் புல்லு."

"அப்புறம் எதுக்கு?"

"தோண்டிப் பார்க்கலையே சம்பந்தி," என்றாள் மண்ணம்மா.