கழற்றுகிற பல்லும் கழற்றாத பல்லும்

பல் டொக்டரிடம் வேலை செய்கிறவளைத் தெருவில் கண்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்கள். மாத்தளை டவுனில் பல வருஷமாக எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் ஒரு அம்மா எனக்கு வடை கொடுத்துவிட்டு, தான் கடிப்பதை நான் பார்த்துவிடுவேனோ என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றார்.

எங்கள் கிளினிக் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பல்லுக்கு அச்சு எடுக்க மா குழைப்பது, நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது, செய்து வந்த பல்செட்டை மினுக்குவது எல்லாம் என் வேலை. இதை வாசிக்கிற நீங்களும் அந்த நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டவர்கள்தானே? உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? யுத்தம் மறுபடி மும்முரமாகி, றோட்டுக்கு றோட்டு செக் பொயின்ட் போட்டிருந்த காலத்தில் நடந்தவை இவை. சம்பந்தப்பட்டவர்களே இப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பதால் நானும் சொல்கிறேன்.

யானையைக் கடித்த பல்

பல்செட் போட்டுக்கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி கொடுப்போம். கொழும்பிலிருந்து வந்த பெட்டிகள் தீர்ந்துபோனதும், எதிர்க்கடையில் ரோஸ் நிறச் சவர்க்காரப் பெட்டிகளை மொத்தமாக வாங்கினேன். மூடியில் என் நகப்பூச்சாலேயே பெயரின் முதலெழுத்தை எழுதிக் கொடுப்பேன். "புதுசு உடைஞ்சா கைகொடுக்கும், பிரயாணம் போறப்ப பழைய செட்டை இந்தப் பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று எல்லாரிடமும் சொல்வேன். மாத்தளையில் யார் பையில் ரோஸ் பெட்டி இருந்தாலும், உள்ளே சவர்க்காரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

லக்கலப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களக் கமக்காரர் வருவார். காட்டை வெட்டிப் பயிர் செய்த சேனையில், காவல் கொட்டிலில் படுக்கும்போது பல்லைக் கழற்றி வைத்திருக்கிறார். யானை வந்து கொட்டிலைப் பிய்த்துப் போட்டுவிட்டது. அவர் மரத்தில் ஏறித் தப்பிவிட்டார், பல் தப்பவில்லை. நொறுங்கிய துண்டுகளை வாழை இலையில் சுற்றிக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி வந்து என் மேசையில் வைத்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அவர் முகத்தில் மட்டும் ஒரே பெருமை.

"மிஸ், மிதிச்சதும் அது கத்திக்கிட்டு ஓடின ஓட்டத்தப் பாத்தா, இந்தப் பல்லு யானைய நல்லாக் கடிச்சிருக்கு!" என்றார்.

சரோஜா டீச்சரின் காலைப் பொழுது

அந்த வருஷம்தான் எங்கள் கிளினிக்குக்குப் பூட்டுகிற பல் வந்தது. கண்டியிலிருந்து ஒரு பெரிய டொக்டர் மாதம் ஒரு தடவை வந்து, தாடை எலும்பில் ஸ்குரூ இறக்கி, அதன்மேல் பல்லைப் பொருத்துவார். கழற்றவே வேண்டாம். காட்சிக்கு ஸ்குரூ இறக்கிய ஒரு பிளாஸ்டிக் தாடையும் தந்திருந்தார். அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் படியிறங்கிவிடுவார்கள்.

பார்த்துவிட்டுக் கண் பளபளத்தது சரோஜா டீச்சருக்கு மட்டும்தான். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். இளவயதில் ஒரு பஸ் விபத்தில் மேல்வரிசைப் பல் முழுவதும் போய், அன்றிலிருந்து எங்கள் பல்செட் போடுகிறவர். பேசி வந்த சம்பந்தங்கள், விஷயம் தெரிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயின. தலையில் நரை தெரிகிற வயதில் கடைசியாக ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம், மனைவியை இழந்தவர். ஆவணியில் கல்யாணம். பல் விஷயம் அவருக்குத் தெரியாது.

ஸ்குரூ எலும்போடு பிடிக்கவே பல மாதம் வேண்டும், ஆவணிக்குள் நடக்காது என்றார் டொக்டர். புதிதாக, இறுக்கமான பல்செட் ஒன்று செய்து தருகிறோம், யாருக்கும் தெரியாது என்று நான் சமாதானம் சொன்னேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் இல்ல மிஸ், மறுநாள் காலையில எந்திரிக்கிறப்பயும் எனக்குப் பல்லு இருக்கணும்" என்றார்.

முறுக்கு கடிக்காத மாப்பிள்ளை

அடுத்த வாரமே செல்வராஜ் முதலாளி வந்தார். தம்புள்ளையிலிருந்து இவ்வளவு தூரம் வருவதற்குக் காரணம், அங்கே பல் கட்டினால் சந்தை முழுவதும் தெரிந்துவிடும் என்ற பயம். மேலும் கீழும் முழுச் செட். ஒருநாள் பீட்ரூட்டுக்கு விலை கூவும்போது கீழ்ச்செட் துள்ளி மூட்டைக்குள் விழுந்து, அதைத் தேடி எடுப்பதற்காக மூட்டை முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டாராம்.

"கல்யாணம் பண்ணப் போறேன் மிஸ்" என்று வெட்கப்பட்டார். "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு முறுக்கு வச்சாங்க. கடிச்சா மானம் போயிரும்னு கையிலயே வச்சிக்கிட்டு இருந்தேன். டீச்சரம்மாவும் தின்னாம கையிலயே வச்சிருந்தாங்க. எவ்வளவு அடக்கம் பாருங்க!"

டீச்சரம்மாவா? எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். குழைத்த மா கையிலேயே இறுகிப் போய்விட்டது எனக்கு. பேச்சை மாற்றுவதற்காக, பிளாஸ்டிக் தாடையைத் தூக்கிக் காட்டி, பூட்டுகிற பல் வைக்கலாமே, பிறகு கூவும்போது விழாதே என்றேன். அவர் ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் மிஸ். செக் பொயின்ட்ல மெஷின் பீப் அடிச்சா, பல்செட்டுன்னா கழட்டிக் காட்டலாம். தாடைய எப்படிங்க கழட்டிக் காட்டுறது?" என்றார்.

என் வாய்

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துகொண்டு, இரண்டு பேரும் என்னிடமே வந்து சத்தியம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த அழுகை நின்றுவிடும். சொன்னால் என்ன குறைந்துவிடும்? வேறு யாராவதாக இருந்தால் படியிறங்கும் முன்பே சொல்லியிருப்பார்கள்.

டொக்டரிடம் போய்ப் புலம்பினேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஆக்களின்ர வாயைத் திறக்கப் பண்ணுறதுதான் எங்கட வேலை, எங்கட வாய் மூடித்தான் இருக்கவேணும்" என்றார்.

உள்ளறையில் ஒரு முதலாளி

இரண்டு பேரும் சந்திக்காதபடி நாள் பிரித்துத்தான் கொடுத்திருந்தேன். ஆனால் ஒருநாள் தம்புள்ளைக்கு லொறிகள் வரவில்லை, சந்தை படுத்துவிட்டது, முதலாளி சொல்லாமல் புறப்பட்டு வந்துவிட்டார். நாற்காலியில் டீச்சர் வாயைப் பிளந்தபடி கிடக்கிறார். படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்கிறது. பாய்ந்து போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து, அச்சு வார்க்கிற உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"யாரு மிஸ்?" என்று டீச்சர் கேட்க நினைத்தார். வாய்க்குள் டொக்டரின் விரல் இருந்ததால் வெறும் காற்றுத்தான் வந்தது. "தண்ணி மீட்டர் பாக்கிற ஆளு" என்று புளுகினேன். டொக்டர் தலையைத் தூக்கவே இல்லை, ஆனால் அவருடைய தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் டீச்சர் ஒப்புக்கொண்ட புதுப் பல்செட்டை மினுக்கி அந்த உள்ளறையில்தான் வைத்திருந்தேன். எடுக்கப் போனால், அச்சில் வார்த்த வெள்ளைத் தாடைகளுக்கு நடுவே முதலாளி உட்கார்ந்துகொண்டு, அதே பல்லைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"என்னா வடிவான பல்லு மிஸ்! இது யாருடையதோ, அவங்களக் கட்டிக்கிறவன் குடுத்து வச்சவன்" என்றார்.

இரண்டு ரோஸ் பெட்டிகள்

கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் என்னைத் தனித்தனியாக அழைத்தார்கள். கோயிலில் தாலி கட்டி முடிந்ததும், பெண் மாப்பிள்ளையோடு வேனில் தம்புள்ளைக்குப் புறப்பட்டோம். தம்புள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் செக் பொயின்ட். எல்லாரும் இறங்க வேண்டும், பைகள் மேசைமேல் திறக்கப்பட வேண்டும். ஆமிக்காரன் முதலில் டீச்சரின் பையைத் திறந்தான். ரோஸ் பெட்டி. மூடியைத் தூக்கியவன் ஓரடி பின்னால் போனான். உள்ளே பழைய பல்செட் அவனைப் பார்த்துச் சிரித்தது.

டீச்சரின் முகம் வெளிறியதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டேன். "சேர், அது என்னுடையது. நான் பல் கிளினிக்கில் வேலை, வேறு பையில் இடமில்லாததால் இதில் வைத்தேன்" என்று சிங்களத்தில் அடித்துவிட்டேன். அவன் நம்பினான். அடுத்து மாப்பிள்ளையின் பை. அதே ரோஸ் பெட்டி, அதே நகப்பூச்சு, உள்ளே இன்னொரு சிரிப்பு. "இதுவும் உன்னுடையதா?" என்றான். பழக்கதோஷத்தில் "ஓம்" என்றுவிட்டேன். மாப்பிள்ளையின் பையில் உன்னுடைய சாமான் ஏன் வந்தது என்று கேட்டான். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, மண்மூட்டைக்குப் பின்னால் இருந்த கொட்டிலைக் காட்டி, இந்தப் பக்கம் வா என்றான். அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் போன பலர் வீடு திரும்பியதில்லை.

அப்போதுதான் சரோஜா டீச்சர் கூறைச்சேலையோடும் மாலையோடும் முன்னால் வந்தார். "அவங்கள விடுங்க சேர், அது என்னுடையது" என்றார். ஆமிக்காரன் நம்பவில்லை. டீச்சர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிறகு நடுறோட்டில், புருஷனுக்கும் நாத்தனாருக்கும் முன்னால், வாய்க்குள் விரலைவிட்டு மேல்வரிசையைக் கழற்றி உள்ளங்கையில் நீட்டிக் காட்டிவிட்டு மேசைமேல் வைத்தார். மேலுதடு உள்ளே போய்விட்டது. எனக்காக அவர் அதைச் செய்தார். நான் அழுதுவிட்டேன்.

டீச்சர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலாளி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். மேல்செட்டைக் கழற்றினார், கீழ்ச்செட்டையும் கழற்றினார், டீச்சரின் பல்லுக்குப் பக்கத்திலே மேசையில் வைத்தார். டீச்சர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முதலில் டீச்சருக்குத்தான் சிரிப்பு வந்தது, பிறகு முதலாளிக்கு. பல் கழற்றிய இரண்டு வாயும் திறந்து அவர்கள் சிரித்த சிரிப்பில் வேன் சாரதி றோட்டோரமாக உட்கார்ந்துவிட்டான். ஆமிக்காரன் என் அட்டையைத் திருப்பித் தந்தான்.

"போங்க, போங்க, போடுறப்ப மாத்திப் போட்டுக்காதீங்க!" என்று அவன் சிங்களத்தில் சொல்லி, தடையைத் தூக்கிவிட்டான்.

அவிச்ச சோளம்

சில வாரம் கழித்து இரண்டு பேரும் சோடியாகப் படியேறி வந்து ஒரே நீள வாங்கில் உட்கார்ந்தார்கள். இனி அவசரமில்லை, எது வேண்டும் என்று ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டொக்டர். டீச்சர் யோசிக்கவே இல்லை. பூட்டுகிற பல்தான் வேண்டும் என்றார். "அவருக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே, பிறகென்னத்துக்கு இவ்வளவு பாடு?" என்று டொக்டர் கேட்டார்.

"அவருக்காக இல்லீங்க. தம்புள்ள றோட்டு நெடுக அவிச்ச சோளம் விக்கிறாங்க. இத்தன வருஷமா வாசம் மட்டும்தான் புடிச்சிருக்கேன். இனிமே கடிச்சுத் திங்கணும்" என்றார் டீச்சர்.

முதலாளிக்கும் சேர்த்து ஸ்குரூப் போட்டுவிடலாம், இப்போது மெஷின் பயம் வேண்டாம், அந்த உலோகத்துக்குப் பெரும்பாலும் பீப் அடிக்காது என்று நான் உற்சாகப்படுத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். பழைய மனைவியிருந்த காலத்தில்கூடப் பல்லோடுதான் படுப்பாராம், ஈறு புண்ணாகிப்போனாலும் கழற்றமாட்டாராம். அதைச் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவருடைய சேர்ட் கொலரைச் சரிசெய்துவிட்டார்.

"நாள் பூரா கத்துற வாயி மிஸ். வீட்டுக்குப் போனதும் கழட்டி வச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கலாம்னு இப்பத்தான் ஒரு வீடு கெடைச்சிருக்கு, அதப் போயி பூட்டச் சொல்றீங்களே!" என்றார்.

ஆகவே, என்னைப்போல் பல்லோடு மல்லுக்கட்டுகிறவர்களே, கழற்றுவதா பூட்டுவதா என்று குழம்பினால், எலும்பை டொக்டர் பார்த்துக்கொள்வார், வீட்டில் கூட இருக்கிற ஆளை நீங்கள் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.