ஒத்திகையில் வந்த இன்னொருவன்

எல்லை வேலிக்கு வெல்டிங் வைக்கும் அவரை இரு நாட்டுச் சிப்பாய்களும் "திருடா" என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். நட்பு நாடுகள் ஆண்டுதோறும் நடத்தும் கூட்டுப் பயிற்சியில், வேலி தாண்டி வரும் ஆளாக நடிப்பவர் அவர்தான். "வேலி போடவும் சம்பளம், தாண்டவும் சம்பளம், இவரு பாடு ராஜபாடு" என்று மனைவி வாரிவிடுவாள்.

இந்த முறை வேலிக்கு அப்பாலுள்ள பள்ளத்தில் அவர் பதுங்கப்போனபோது, அங்கே ஓர் இளைஞன் குந்தியிருந்தான்.

"பக்கத்து நாட்டுக்காரங்க அனுப்பின திருடனா தம்பி? புதுசா?"

அவன் தலையாட்டினான். உதடெல்லாம் வறண்டிருந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

"இப்படி நடுங்கினா உடனே மாட்டிக்குவ. அந்த வடிகால் குழாய் பக்கத்துல கம்பி விட்டுப்போச்சு, நாளைக்குத்தான் பத்தவைக்கணும். அதுவழியா நழுவிடு. சிப்பாய்ங்க முழிக்கிறதப் பார்க்கணும்!"

அவன் போனான். அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே பிடிபட்டார்.

பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது பக்கத்து நாட்டு அதிகாரியிடம் கேட்டார்: "உங்க ஆளு கெட்டிக்காரன் சார், இன்னும் சிக்கலையே?"

"எங்க ஆளா? நாங்க யாரையும் அனுப்பலையே."

தேநீர் தொடையில் கொட்டியதுகூட அவருக்கு உறைக்கவில்லை. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனா, உயிரெடுக்க வந்தவனா? வாயைத் திறந்தால் ஜெயில். திறக்காவிட்டால், வேலிக்கு இந்தப் பக்கம்தான் அவர் வீடும் இருக்கிறது.

"சார்... நான்தான் அவனுக்கு வழி காட்டினேன்."

"எந்த இடம்?" என்று இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

காட்ட வேண்டும். அவனுடைய வறண்ட உதடுகள் கண்முன் வந்தன; கை எழும்பவில்லை.