வீட்டுக் குரல்

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நர்ஸ் அக்கா ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் சி.ஐ.டி. நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்பே அவருடைய பூர்வோத்தரம் முழுவதையும் விசாரித்து முடித்துவிடுவார். குறட்டை விடுவாரா, கோபம் வந்தால் என்ன செய்வார், எதற்குச் சிரிப்பார்? வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது இவருக்கு ஊர்க்கதை கேட்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை ஒரு பெயிண்டர் வந்து சேர்ந்தார். கல்லீரல் படுத்துவிட்டது. அது வடிகட்ட வேண்டிய நச்செல்லாம் மூளைக்கு ஏறி, ஆள் நினைவில்லாமல் கிடந்தார். தொண்டையில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர்.

"கல்லீரல்தானே கெட்டுச்சு? மூச்சுக்கு எதுக்கும்மா மெஷினு?" என்று கேட்டார் அவர் மனைவி. நியாயமான கேள்விதான்.

"நுரையீரல் நல்லாத்தான் இருக்கு," என்றார் சி.ஐ.டி. "ஆனா நினைவில்லாதவருக்கு எச்சிலை விழுங்கவும் தெரியாது, இருமித் துப்பவும் தெரியாது. அது நுரையீரலுக்குள்ள எறங்கிட்டா ஆபத்து. அதுக்குத்தான் இந்தக் குழாய்."

மருந்தில் வயிறு நன்றாகக் கழிந்தது, நச்சும் இறங்கியது. குழாய்க்காகக் கொடுத்த தூக்க மருந்தையும் நிறுத்தியாயிற்று. இனி கூப்பிட்டால் அவர் கண் திறக்க வேண்டும், சொன்னால் கையை அழுத்த வேண்டும். அப்போதுதான் குழாயை எடுக்கலாம். இல்லையென்றால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். அசைவில்லை. மனைவி குனிந்து, "என்னங்க... கண்ணைத் தொறங்க ராசா..." என்றார். தேனாக ஒழுகியது குரல். மனிதர் மரக்கட்டையாகக் கிடந்தார்.

சி.ஐ.டி.க்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "வீட்லயும் இப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா, வீட்ல காட்டுக் கத்தல்தான். நான் திட்டிக்கிட்டு இருந்தப்பதான் இவரு ஒளற ஆரம்பிச்சாரு. இனிமே இவர கடுமையா ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"சத்தியத்தை அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுக் குரல்ல கூப்பிடுங்க."

டாக்டரும் தடுக்கவில்லை. என்ன ஆகிறது பார்ப்போமே என்று அவருக்கும் ஆசை போலிருக்கிறது. அந்த அம்மா மூக்கை உறிஞ்சி, தொண்டையைக் கனைத்தார்.

"யோவ்! ஈரத் துண்டை மறுபடியும் மெத்தையில போட்டுட்டியா? எத்தனை தடவ சொல்றது? எந்திரிய்யா!"

பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு விழித்தார். பெயிண்டரின் புருவம் சுருங்கியது. ஒரு கண் திறந்தது, பிறகு இன்னொன்று.

"கையைப் பிடிய்யா!"

பிடித்தார். பிடித்த கையை விடவேயில்லை. என் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்?

மெஷினின் உதவியைக் குறைத்து, அவர் தானாக மூச்சு விடுவதையும் பலமாக இருமுவதையும் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மட்டும் வைத்தோம். மனைவி ஒரு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். சி.ஐ.டி. சும்மா இருப்பாரா?

"முன்னாடி அவங்க மெதுவா கூப்பிட்டது காதுல விழுந்துச்சா?"

மாஸ்க்குக்குள்ளிருந்து கரகரப்பாகப் பதில் வந்தது.

"விழுந்துச்சு. இவ இவ்வளவு அன்பா பேசுறாளே, நான் செத்துட்டேன்னு நெனச்சேன். அதான் பேசாம படுத்துக்கிட்டேன்."